தன் சுவரில் தன் பெயர்: தில்லிப் பலகை விதிகளில் உரிமையாளர் விலக்கின் வரலாறு

நாடாளுமன்றம் 1957இல் இயற்றிய தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 142ஆம் பிரிவு விளம்பர வரியைப் பற்றியது. நிலத்தில் நட்டாலும் சுவரில் மாட்டினாலும் வண்டியில் ஒட்டினாலும் சரி, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி விளம்பரம் வைத்தவர் வரி கட்ட வேண்டும் என்கிறது. சொன்ன கையோடு, யார் யார் கட்ட வேண்டாம் என்றும் சொல்லத் தொடங்கிவிடுகிறது. பொதுக்கூட்டம், தேர்தல் பற்றிய விளம்பரங்களுக்கு வரி கிடையாது. ஒரு கட்டடத்தின் ஜன்னலுக்கு உள்ளே வைத்த பலகை அங்கே நடக்கும் தொழிலைப் பற்றியது என்றால் வரி இல்லை. கட்டடத்தின் மேல் மாட்டியது அதே கட்டடத்தில் நடக்கும் வியாபாரத்தைப் பற்றியோ, அந்த இடம் விற்பனைக்கு அல்லது வாடகைக்கு என்பதைப் பற்றியோ இருந்தாலும் இல்லை. வீட்டின் பெயருக்கும், வீட்டுக்காரர் அல்லது குடியிருப்பவர் பெயருக்கும் இல்லை. கடைசியில் ரயில்வே வருகிறது. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் விளம்பரத்துக்கு வரி இல்லை. ரயில்வே சுவரில் தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் இந்தச் சலுகைக்கு வெளியே நிற்கிறது.

இந்தப் பட்டியலில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர், தன் இடத்தில் தன் பெயரையும் தொழிலையும் சொல்லிக்கொள்ளும் சாதாரணச் சொத்துக்காரர். மற்றவர், ஏராளமான சுவர்களைக் கையில் வைத்திருக்கும் பொது அமைப்பு. அடுத்த அறுபது ஆண்டுகளில் முதலாமவரின் விலக்கு கொஞ்சம் கொஞ்சமாக அளவுக்கும் அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டது. இரண்டாமவரின் விலக்கு பெருத்துக்கொண்டே போனது. இதை நிறுவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வரி இல்லை, ஆனால் அனுமதி வேண்டும்

142ஆம் பிரிவைப் படித்துவிட்டு நிம்மதி அடைகிற கடைக்காரர் அடுத்த பிரிவையும் படிக்க வேண்டும். ஆணையரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் தில்லியில் எந்த விளம்பரமும் வைக்கக்கூடாது என்கிறது 143. முந்தைய பிரிவின் விலக்குப் பட்டியல் வரிக்கு மட்டுமே. ஆக, வரி கட்டத் தேவையில்லாத பலகைக்கும் அனுமதி வாங்கியாக வேண்டும் என்றே நேர்ப்பொருள் கொள்ள முடியும். வாங்கிய அனுமதியும் உறுதியானதில்லை. பலகையில் எதையாவது சேர்த்தால், குறிப்பிடத்தக்க மாற்றம் செய்தால், விபத்தாக இல்லாமல் அதில் ஒரு பகுதி விழுந்தால், கட்டடத்தில் வேலை செய்யும்போது பலகையை அசைத்தால் அனுமதி செல்லாது என்று 144 அடுக்குகிறது. கட்டடம் காலியாகிவிட்டாலும் அப்படித்தான்.

145ஆம் பிரிவு இன்னும் சுவாரசியமானது. விதியை மீறிய விளம்பரத்தை வைத்தது யார் என்ற கேள்வி வந்தால், அது யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் என்று அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. அனுமானம் முதலில் விழுவது சுவரின் சொந்தக்காரர் மேல் அன்று, சுவரில் இருக்கும் பெயருக்கு உரியவர் மேல். அகற்றச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் வரலாம். 1957இல் சட்டம் எழுதியவர்கள் பார்வையில் சுவர்க்காரர் பெரும்பாலும் அப்பாவி. சமயத்தில் வாடகை வாங்கும் அப்பாவி.

இந்தச் சட்டமொழி தில்லியில் பிறந்ததில்லை. வீட்டுக் கூரைக்கு மேலே வானத்தைப் பின்னணியாகக் கொண்டு எழும் பலகைகளை ஒடுக்க லண்டனில் 1891லேயே தனிச் சட்டம் வந்தது. 1907இல் பிரிட்டன் முழுமைக்குமான விளம்பர ஒழுங்குச் சட்டம், பன்னிரண்டு அடிக்கு மேல் உயர்ந்த தட்டிகளைக் கட்டுப்படுத்த உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 328, 328ஏ பிரிவுகளிலும் அந்த வாடை அடிக்கிறது. சொல், எழுத்து, மாதிரி, குறி, அறிவிப்பு என்று நீண்டு, விளம்பரத்துக்காகவோ அறிவிப்புக்காகவோ வழிகாட்டுவதற்காகவோ முழுதுமோ பகுதியோ பயன்படும் எதுவும் விளம்பரமே என்று முடிகிற தில்லி வரையறை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன் எழுதிய நகர்த் திட்டச் சட்டத்தின் வரையறையோடு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பிரிட்டனில் கடைமுகப்புப் பலகைக்கு, குறித்த அளவுக்குள் இருந்தால், கேட்காமலே அனுமதி கிடைத்ததாகக் கொள்ளும் ஏற்பாடு வந்தது. தில்லி வரையறையை எடுத்துக்கொண்டது. கேட்காமல் கிடைக்கும் அனுமதியைச் சட்டத்தில் எழுதவில்லை.

வாசலில் மாட்டிய பெயர் விளம்பரமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது பம்பாயிலிருந்து. ஏடிஎம் மையங்களின் மேல் ஒளிரும் பெயர்ப்பலகைகளுக்கு மாநகராட்சி கட்டணம் கேட்டது, வங்கி வழக்காடியது. 2005இல் வந்த ஐசிஐசிஐ வங்கி தீர்ப்பு, விளம்பரம் என்றால் அதில் வியாபார நோக்கமுள்ள ஈர்ப்பு இருக்க வேண்டும் என்றது. இடத்தை அடையாளம் காட்டும் பெயர், விளக்கெரிவதால் மட்டும் விளம்பரமாகிவிடாது. நியாயமான பார்வைதான். ஆனால் தில்லிச் சட்டத்தின் வரையறையில் ‘அறிவிப்பு’, ‘வழிகாட்டல்’ என்ற சொற்கள் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தீர்ப்பு தில்லிக் கடைக்காரருக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பது வாதத்துக்குரியது.

வங்காளத்திலிருந்து வந்த சுவர்

சொத்துக்காரருக்கான இன்னொரு விலக்கு வரிச் சட்டத்தில் வரவில்லை, தண்டனைச் சட்டத்தில் வந்தது. நெருக்கடி நிலைக் காலமான 1976இல் மேற்கு வங்கம் சொத்துகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. சுவரெழுத்து அரசியலின் தாய்வீட்டில் அப்படி ஒரு சட்டம் வந்ததில் வியப்பில்லை. அதை அப்படியே தில்லிக்கும் நீட்டினார்கள். பின்னர் தில்லி சட்டமன்றம் தனக்கென 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2009இன் முதல் சட்டமாகப் பதிவானது. இன்று நடப்பில் இருப்பது அதுதான்.

இதன் 3ஆம் பிரிவை மெதுவாகப் படிக்க வேண்டும். பொதுப் பார்வையில் படும் எந்தச் சொத்தையும் மை, சுண்ணாம்புக்கட்டி, வண்ணம் அல்லது வேறெந்தப் பொருளாலும் எழுதியோ குறியிட்டோ அலங்கோலப்படுத்துபவருக்கு ஓராண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். விலக்கு ஒன்றே ஒன்று: அந்தச் சொத்தின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் பெயரும் முகவரியும். ‘உரிமையாளரின் சம்மதம் இல்லாமல்’ என்ற சொற்றொடர் அங்கே இல்லை. சொத்து என்பதில் குடிசையும் மரமும் வேலியும் கம்பமும் அடங்கும். எழுத்து என்பதில் அலங்காரமும் அடங்கும். எழுத்துப்படி பார்த்தால், தன் மதிற்சுவரில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதுகிற வீட்டுக்காரர் தப்புவார். அதற்குக் கீழே ‘டியூஷன் எடுக்கப்படும்’ என்று எழுதினால், அது சுவரின் அழகைக் கெடுக்கிறதா என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வார். அவருடைய சொந்தச் சுவர் என்பது விடையாகாது.

தேர்தல் நடைமுறையோடு ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும். தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள், தனியார் சுவரில் அதன் உரிமையாளரின் அனுமதியில்லாமல் கொடி கட்டவோ கோஷம் எழுதவோ கூடாது என்கின்றன. அங்கே சம்மதம்தான் சாவி. உள்ளூர்ச் சட்டம் இடம் கொடுக்கும் மாநிலங்களில் வீட்டுக்காரரின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு சுவரெழுத்து நடக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே கட்சிப் பெயரும் ஆண்டும் போட்டுச் சுவரை ‘ரிசர்வ்’ செய்துவைப்பது தெரிந்த விஷயம். தில்லிச் சட்டம் சம்மதத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது காக்க நினைப்பது சுவரின் சொந்தக்காரரை அன்று, சுவரைப் பார்க்கிறவரை.

இந்தச் சட்டத்தின் வீரம் எங்கே செல்லுபடியாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில் கையால் எழுதிய சுவரொட்டி மட்டுமே வைக்கலாம், ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக்கூடாது என்பது லிங்டோ குழு வகுத்த வரம்பு. நடைமுறையில் மேம்பாலத் தூண்களும் பேருந்து நிழற்குடைகளும் அச்சடித்த பெயர்களால் நிறைந்தன. வழக்கு வந்தால் ‘அது நானில்லை’ என்று சொல்ல வசதியாகப் பெயரில் ஓரெழுத்தைக் கூட்டியோ மாற்றியோ அச்சடிப்பதும் உண்டு. 145ஆம் பிரிவின் அனுமானத்துக்கு மாணவர்கள் கண்டுபிடித்த மாற்று மருந்து அது. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் வாக்குப்பதிவை அனுமதித்து, சுவர்கள் சுத்தமாகும் வரை எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. செப்டம்பர் 27இல் பதிவான வாக்குகள் நவம்பர் 25இல்தான் எண்ணப்பட்டன.

யமுனைக்குப் பிறகு

1997 நவம்பர் 18 அன்று வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்தது. 28 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டே நாளில், நவம்பர் 20இல், எம்.சி. மேத்தா தொடுத்திருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நீண்ட உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. கனரக வாகனங்களுக்கு 40 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பேருந்துகள் தமக்குரிய தடத்தில் மட்டுமே ஓடுவது, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் என்று போகும் அந்த உத்தரவில், சாலையோரம் நின்று போக்குவரத்துக்கு ஆபத்தாகவும் இடைஞ்சலாகவும் இருக்கும் ஹோர்டிங்குகளை அடையாளம் கண்டு அகற்றுங்கள் என்ற ஆணையும் இருந்தது. மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், காவல்துறை இவற்றோடு ரயில்வேயும் பெயர் சொல்லிக் கட்டளை பெற்றது.

இங்கே அளவுகோலே மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். 1957இல் கேட்ட கேள்வி: பலகை யாருடைய இடத்தில், யாருடைய தொழிலைப் பற்றி? 1997இல் கேட்ட கேள்வி: ஓட்டுநர் கண் எங்கே போகிறது? இரண்டாவது கேள்வியில் உரிமையாளருக்கு இடமே இல்லை. சொந்த மாடியில் சொந்தக் கடையின் பெயரைப் பத்தடி எழுத்தில் மின்னவிட்டவரும், வாடகைக்கு விட்ட மாடியில் சோப்பு விளம்பரம் வைத்தவரும் ஓட்டுநர் கண்ணுக்கு ஒன்றுதான். சாலைப் பாதுகாப்பு என்ற தர்க்கத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய விலக்கு நின்றிருந்த தளத்தை அது அரித்துவிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

சில காலம் கழித்து, அதே மனுதாரர் பெயரில் இருந்த வேறொரு வழக்கில், 2006 பிப்ரவரி 16 தீர்ப்பு வந்தது. குடியிருப்புக் கட்டடங்களில் நடக்கும் கடைகளுக்குச் சீல் வைக்கச் சொன்ன தீர்ப்பு அது. மார்ச்சில் கண்காணிப்புக் குழு அமைந்தது. வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். மே மாதம் நாடாளுமன்றம் அவசரமாகச் சிறப்பு விதிகள் சட்டம் இயற்றிச் சீல் வைப்பை நிறுத்தியது. செப்டம்பரில் கலப்புப் பயன்பாட்டுக்கு 2,183 தெருக்கள் அறிவிக்கப்பட்டன. 2007 பிப்ரவரி 7இல் அறிவிக்கப்பட்ட 2021க்கான மாஸ்டர் பிளான் இதையெல்லாம் வரிசைப்படுத்தியது. அறிவிக்கப்பட்ட தெருவில் கடை நடத்தலாம், கட்டணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டு. அறிவிக்கப்படாத தெருவில் மருத்துவர், வழக்கறிஞர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் போன்றோர் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே தொழில் செய்யலாம், அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பில் பாதிக்கு மிகாமல்.

ஜங்புராவிலோ கிரீன் பார்க்கிலோ உள்தெரு ஒன்றின் இரும்புக் கேட்டில் மாட்டிய மருத்துவரின் பித்தளைத் தகட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கை அகலம். பெயர், பட்டம், பதிவு எண், பார்வை நேரம். அந்தத் தகட்டின் மேல் எத்தனை விதிகள் குந்தியிருக்கின்றன! மாநகராட்சிச் சட்டப்படி வரி இல்லை, அனுமதி வேண்டியிருக்கலாம். அலங்கோலத் தடைச் சட்டப்படி பெயரும் முகவரியும் பாதுகாப்பானவை. பார்வை நேரத்தைப் பற்றி அது பேசவில்லை. மாஸ்டர் பிளான்படி அவர் அங்கே குடியிருக்க வேண்டும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பலகை வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருக்கக்கூடாது. பெயர், தகுதி, சிறப்புத் துறை, பதிவு எண் போன்றவை தவிர வேறெதுவும் கூடாது. மருந்துக்கடையில் மாட்டவும் கூடாது. பக்கத்து வீட்டு வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் விதி 36 இருக்கிறது: நியாயமான அளவுள்ள பலகை, வகித்த பதவிகள் பற்றிய பெருமை கூடாது. உரிமையாளரின் விலக்கு இன்றைக்கும் முழு உயிரோடு இருப்பது இந்தத் தகட்டில்தான். அதைக் காப்பாற்றியது மாநகராட்சியின் தாராளம் அன்று. தம் ஆட்களைத் தாமே அடக்கிவைத்த தொழில்முறைக் கழகங்களின் கூச்சம்தான் காப்பாற்றியது.

நான்காம் வகை

உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்பில் உருவான 2007ஆம் ஆண்டு வெளிப்புற விளம்பரக் கொள்கை, விளம்பரங்களை நான்கு வகையாகப் பிரித்தது. விளம்பரத்துக்கென்றே நிற்கும் பெரிய அமைப்புகள் முதல் வகை. பேருந்து நிழற்குடை, கழிப்பறை போன்ற பொது வசதிகளின் மேல் வருபவை இரண்டாவது. வாகனங்களின் மேல் வருபவை மூன்றாவது. தன் தொழிலைத் தானே சொல்லிக்கொள்ளும் பலகை நான்காவது. பழைய விலக்கு இங்கே ஒரு வகையாக மாறியது. விலக்கு என்றால் சட்டம் ஒதுங்கி நிற்கிறது என்று பொருள்; வகை என்றால் சட்டம் உள்ளே வந்து அளவெடுக்கிறது என்று பொருள். 101ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2016இல் மாநிலப் பட்டியலின் 55ஆம் இனத்தை, அதாவது விளம்பர வரியை, நீக்கியபோது வரிவிலக்கின் மதிப்பும் தேய்ந்தது. எஞ்சியது அனுமதியும் அதற்கான கட்டணமும்.

அமெரிக்காவில் பாதை வேறு. நியூயார்க் 1916இல் மண்டல விதிகளைக் கொண்டுவந்தபோதே மேல்முறையீட்டு வாரியம் ஒன்றையும் அமைத்தது. 1920களில் மத்திய வணிகத் துறை வெளியிட்ட மாதிரிச் சட்டம் அந்த முறையை நாடெங்கும் பரப்பியது. விதியை எழுத்துப்படி அமல்படுத்தினால் தன் மனைக்குத் தேவையற்ற கஷ்டம் வரும் என்று சொத்துக்காரர் காட்டினால், வாரியம் அவருக்கு மட்டும் தளர்த்தித் தரலாம். அக்கம்பக்கத்தார் வந்து எதிர்க்கலாம். இதற்கு மேல் வகைவாரியான விலக்கும் உண்டு: 1965ஆம் ஆண்டு நெடுஞ்சாலை அழகுச் சட்டம், அந்த இடத்தில் நடக்கும் தொழிலைப் பற்றிய பலகையையும் அந்த இடம் விற்பனைக்கு என்ற பலகையையும் தடையிலிருந்து விட்டுவைத்தது. இந்த ‘இடத்துக்குள், இடத்துக்கு வெளியே’ என்ற பாகுபாடு கருத்துரிமைக்கு எதிரானதில்லை என்று 2022இல் ஆஸ்டின் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்று தீர்ப்பளித்தது. தில்லியின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பதும் அதே பாகுபாடுதான்.

தில்லியில் இல்லாதது முதல் பாதி. மாநகராட்சி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. அது ஓர் ஆணை சட்டப்படி சரியா என்று பார்க்கும் இடம். ‘என் கடை மேம்பாலத்துக்குக் கீழே மறைந்துவிட்டது, பலகையை இரண்டடி உயர்த்திக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொல்லி, காரணத்தோடு ஆம் அல்லது இல்லை என்ற பதிலைப் பொது அவையில் பெறுவதற்கு ஒரு மேடை கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது வேறு வழிகள். ஒன்று, ஆணையரின் அலுவலகம். இன்னொன்று, எல்லோரும் சேர்ந்து தெருவில் இறங்கி விலக்கை நாடாளுமன்றத்திடமே வாங்குவது.

பெரிய சுவர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கழிப்பறை கட்டித் தருகிறவர் அதன் சுவரில் விளம்பரம் செய்துகொள்ளலாம் என்ற இரண்டாம் வகை ஏற்பாட்டில், பொது வசதி என்ற பெயரே அனுமதிக்கான காரணமாகிறது. வசதியைவிட விளம்பரம் பளிச்சென்று இருக்கும் நிழற்குடைகளைத் தில்லியில் பார்க்காதவர் யார்? இந்தத் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மும்பை சாட்சி. 2024 மே 13 அன்று காட்கோபரில் புயல்காற்றில் விழுந்து 17 பேரைக் கொன்ற ஹோர்டிங் 120க்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40. அது நின்றது ரயில்வே காவல்துறையின் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தில். மாநகராட்சி அனுமதி அங்கே தேவையில்லை என்பதே அதை வைக்கச் சொல்லப்பட்ட நியாயம். 1957இல் தில்லிச் சட்டம் ரயில்வேயின் தெருப்பக்கச் சுவரை மட்டும் சலுகைக்கு வெளியே நிறுத்தியது எவ்வளவு நிதானமான முடிவு என்பது இப்போது தெரிகிறது.

தனிச் சொத்துக்காரருக்கு அப்படி ஒரு வழி இல்லை. தமிழ்நாடு 1998, 2000 ஆண்டுகளின் மாநகராட்சிச் சட்டத் திருத்தங்களாலும் 2003இன் உரிம விதிகளாலும் சென்னையின் ஹோர்டிங்குகளைக் கட்டுப்படுத்தியது. தனியார் நிலத்தில் வைப்பதற்கும் உரிமம் கேட்பது தொழில் உரிமையையும் கருத்துரிமையையும் பறிக்கிறது என்ற வாதத்தை 2008இல் நோவா ஆட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வணிக விளம்பரமும் பேச்சுரிமைக்குள் வரும் என்று 1995இல் டாட்டா பிரஸ் வழக்கு திறந்துவிட்ட கதவு, நிலத்தில் ஊன்றிய தட்டிக்குப் பயன்படவில்லை. நிலத்தின் சொந்தக்காரர் என்பதற்காக உரிமத்திலிருந்து தப்ப முடியாது என்பது அத்தோடு தில்லி, சென்னை இரண்டுக்கும் பொதுவான சட்டமானது.

தில்லியில் இன்னும் முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. 2006இல் ஓராண்டுக்கென்று வந்த சிறப்பு விதிகள் சட்டம் மாறி மாறி நீட்டிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் மேலும் மூன்றாண்டு பெற்று, 2026 டிசம்பர் 31 வரை நிற்கிறது. அனுமதியற்ற குடியேற்றங்களும் பழைய கிராமக் குடியிருப்புப் பகுதிகளும் இடிப்பிலிருந்து காக்கப்படுவது அதனால்தான். அங்கே வரிசை வரிசையாகக் கடைகள், ஒவ்வொன்றிலும் பலகை. கட்டடமே இடைக்காலப் பாதுகாப்பில் நிற்கும்போது, அதன் நெற்றியில் மாட்டிய பெயருக்கு நான்காம் வகையில் அனுமதி கேட்க யார் போவார்? கேட்டால் கட்டடத்தின் வரைபடத்தையும் அல்லவா கேட்பார்கள்? அதனால் பெரும்பாலானோர் கேட்பதில்லை. 143ஆம் பிரிவு அந்தத் தெருக்களில் ஏட்டளவில் மட்டும் இருக்கிறது. பலகைகள் இருப்பது வேறொரு சட்டத்தின் கெடு இன்னும் முடியாததால்.